தம்பி வீட்டுக்கு ஒரு குளியல் தொட்டி

பாகூர்,
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பாரீஸில் குளிர் கடுமையாக இருக்கிறது என்று சொன்னாய். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முட்டிவலிதான் விட்டபாடில்லை. காலையில் எழுந்து நான்கு எட்டு நடந்த பிறகே கால் மடங்குகிறது.

வில்லியனூரில் நீ கட்டும் வீட்டில் லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பிவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிவிட்டார்கள். அடுத்தது சென்ட்ரிங். தளம் போடுவதற்குள் குளியலறை விஷயம் முடிவாக வேண்டும் என்று மேஸ்திரி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். தளத்தை எங்கே இறக்கிப் போடுவது, குழாய் எந்தப் பக்கம் இறங்குவது, சுவருக்குச் சுவர் எத்தனை அடி விடுவது எல்லாம் இப்போது தீர்மானித்தால்தான் உண்டு. அப்புறம் உடைத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உன் வீட்டம்மாவும் நிதானமாகப் படியுங்கள்.

நீ அனுப்பிய டப் படத்தைப் பார்த்தேன். முட்டை வடிவத்தில், வெள்ளை வெளேரென்று, நான்கு பித்தளைக் கால்களில் நிற்கிறது. அழகுதான். மாடியில் உங்கள் படுக்கையறையை ஒட்டி அதை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். என் மனதில் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப் அவசியம் வை. ஆனால் கீழ்த்தளத்தில், தோட்டத்தைப் பார்த்த பின்பக்கக் குளியலறையில், சுவரோடு பதித்து வை. அம்மா திண்ணையில் உட்கார்வது போல உட்கார்ந்து உள்ளே இறங்கும்படி வை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கிராமத்தில் வீடு கட்டுகிறவனுக்கு டப் எதற்கு, இரண்டு வாளித் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தண்ணீருக்குள் அமிழ்ந்து குளிப்பது நமக்கு என்ன புதிதா? சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் வரும் தென்பெண்ணைத் தண்ணீரால் நிரம்பும் பாகூர் ஏரி நம்முடையது. ஏரி வற்றிய மாதங்களில் பம்புசெட்டுத் தொட்டி இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பிடரியில் அறைந்து விழ, கழுத்து வரை முழுகிக் கிடந்துவிட்டு, விரல் நுனியெல்லாம் சுருங்கிய பிறகே நாம் வெளியே வருவோம். அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். தோள் முழுகத் தண்ணீர், முதுகு சாயச் சுவர், கால் நீட்ட இடம். இந்த மூன்றும் இருந்தால் சிமெண்டுத் தொட்டியும் சுகமே. இதில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு விலை கொடுத்த டப்பும் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போகச் சொல்லும். எனவே படத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார். அம்மாவுக்காக நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்: பயமில்லாமல் ஏறி இறங்க வேண்டும்.

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கின்றன. அறை நடுவில் தனியாக நிற்பது ஒன்று. சுவர்களுக்கு இடையில் பதிப்பது இன்னொன்று. மூலையில் முக்கோணமாகப் பொருத்துவது மூன்றாவது. மூலை டப் பார்க்கப் பெரிதாகத் தெரியும், தண்ணீரையும் அதே அளவுக்குக் குடிக்கும், ஆனால் கால் நீட்டும் இடம் மட்டும் அதில் பெருகுவதில்லை. அதை விட்டுவிடலாம். தனியாக நிற்கும் டப்புக்குச் சுற்றிலும் துடைக்க இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் சுவருக்கும் டப்புக்கும் நடுவில் கை போகாத சந்தில் அழுக்கும் பாசியும் சேர்ந்துவிடும். அதன் விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில், மெல்லிசாக இருக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. உனக்கு அது ஒரு எட்டு. எழுபதைத் தாண்டிய முட்டிக்கு அது மதில் சுவர். ஈரக் காலோடு அதைத் தாண்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது எடை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நீ காட்டிய பெரிய டப் ரெசின் கலந்த கல் வகை என்றால் டப் மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் போகும். வார்ப்பிரும்பு என்றால் அதற்கும் மேல். உள்ளே 250 லிட்டர் தண்ணீர், ஒரு ஆள் என்று கூட்டினால் 400 கிலோவைத் தாண்டிவிடும். அது நிற்கும் இடமோ ஒன்றேகால் சதுர மீட்டர்தான். வீட்டுத் தளம் தாங்க வேண்டிய உபயோக பாரத்தை, ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக்குறியீட்டின்படி, சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ என்று வைத்துத்தான் சாதாரணமாகக் கணக்குப் போடுகிறார்கள். இந்த டப் வந்தால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் வருகிறது, அதுவும் நான்கு கால்களில் குவிந்து இறங்குகிறது. முன்கூட்டிச் சொன்னால் இன்ஜினியர் கம்பியைக் கூட்டிப் போட்டுத் தாங்க வைப்பார். முடியாத காரியமில்லை. ஆனால் மாடியில் வைத்தால் அம்மாவுக்கு அது எட்டாத பொருள், கசிவு ஏற்பட்டால் கீழே கூடத்தின் தளத்தில் ஈரம் இறங்கும், தண்ணீர் வேகமும் குறைவு. மேல்தொட்டியிலிருந்து ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் பத்தில் ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும். மாடிக் குழாய்க்கு இரண்டு மூன்று மீட்டர் இறக்கம் இருந்தால் பெரிது. கீழ்த்தளத்தில் அதைப்போல இரண்டு மடங்கு வரும். டப்புக்கு மட்டும் முக்கால் அங்குலக் குழாயைத் தனியாக இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதிக்கும் டப்பில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் சுவர் இடைவெளி. நம் ஊர் வழக்கத்தில் ஐந்தடிக் குளியலறை என்று சொல்லிச் செங்கலுக்குச் செங்கல் ஐந்தடி விடுகிறார்கள். ஐந்தடி என்பது 1524 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பூச்சும் டைல்ஸும் ஏறினால் பக்கத்துக்கு ஒரு அங்குலம் போகும். மிஞ்சுவது 1473. கடையில் ஐந்தடி டப் என்று விற்பதோ 1500 மில்லிமீட்டர். அது உள்ளே நுழையாது. இந்த ஒரு அங்குலத்துக்காகப் புதுச் சுவரைக் கொத்துகிற வீடுகளை இங்கே பார்க்கிறேன். நல்ல வேளையாக நம் பின்பக்கக் குளியலறையின் நாலரை அங்குலக் குறுக்குச் சுவர் இன்னும் எழவில்லை. நீ உயரமானவன். உங்கள் பக்கம் வழக்கமாக உள்ள 170 சென்டிமீட்டர் நீளமே உனக்குக் கால் நீட்டத் தோதாக இருக்கும். அதற்குச் செங்கலுக்குச் செங்கல் ஐந்தடி பத்து அங்குலம் விடச் சொல்லலாம். துணி வைக்கும் அறையிலிருந்து பத்து அங்குலம் குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அம்மாவுக்கான ஏற்பாடு இதுதான். டப்பின் நீளவாட்டில், வெளிப்பக்கமாக, ஒரு அடி அகலத்துக்குக் கருங்கல் பலகை போட்ட திண்டு. தரையிலிருந்து அதன் உயரம் 45 சென்டிமீட்டர், நாற்காலி உயரம். டப்பின் விளிம்பும் அந்தத் திண்டும் ஒரே மட்டம். அம்மா வெளியே பார்த்தபடி திண்டில் உட்கார்வாள், உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பி ஒரு காலை உள்ளே வைப்பாள், அப்புறம் மற்றொரு காலை. சுவரில் பதித்த ஸ்டீல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவாள். கைப்பிடிக்கு ஆணி அடிக்கும் இடத்தில் சுவருக்குள் கான்கிரீட் கட்டை வைத்தால்தான் முழு எடை தாங்கும். வெறும் டைல்ஸில் துளைபோட்டு மாட்டிய துண்டுக்கம்பியைப் பிடித்து யாராவது எழுந்தால் கம்பியோடு விழ வேண்டியதுதான். விளிம்பு 45 சென்டிமீட்டர்தான் என்றால் தண்ணீர் ஆழம் குறையுமே என்று கேட்பாய். அதற்காகத்தான் தரையை அரையடி இறக்கி, டப்பின் அடிப்பாகத்தை அந்தப் பள்ளத்தில் உட்கார வைக்கிறோம். வெளியே நாற்காலி உயரம், உள்ளே தோள் முழுகும் ஆழம். கீழ்த்தளத்தில் மண் நிரப்புவதற்கு முன் சொல்லிவிட்டால் இதற்குத் தனிச் செலவு அதிகம் வராது.

பொருள் என்று பார்த்தால் நமக்கு அக்ரிலிக்தான் சரி. இரும்புத் தகட்டின் மேல் எனாமல் பூசிய டப் கீறல் தாங்கும், ஆனால் கனமான பொருள் விழுந்து எனாமல் தெறித்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். கடற்காற்று படும் நம் பக்கத்தில் துரு ஒரு முறை பிடித்தால் நிற்காது. வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் காக்கும். எடை சொன்னேனே. மேஸ்திரி தானே செங்கல் வைத்துக் கட்டி, சிவப்பு ஆக்சைடு பூசித் தருகிறேன் என்கிறார். ஆக்சைடுத் தரை அவர் கைக்கு நன்றாக வரும், வடிவமும் நம் இஷ்டம். ஆனால் மார்கழிக் காலையில் அந்தச் சுவர் வெந்நீரின் சூட்டை உறிஞ்சிவிடும், முதுகுக்கும் முனை உறுத்தும். அந்த ஆக்சைடைத் திண்டின் பக்கவாட்டிலும் அறையின் தரையிலும் போடச் சொல்லலாம். வெள்ளை டப், கறுப்புக் கல் திண்டு, சிவப்புத் தரை. இதைவிட நம் மண்ணுக்குப் பொருந்தும் அழகு வேறு என்ன இருக்கிறது?

கடையில் அக்ரிலிக் டப்பைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. நீ மார்ச்சில் வரும்போது நேரில் செய்து பார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார். வெட்கப்படாதே, சட்டை எடுத்தால் போட்டுப் பார்ப்பதில்லையா? முதுகு சாயும் பக்கம் சரிந்திருக்கிறதா, கழுத்து விளிம்பில் இடிக்காமல் படிகிறதா, பாதம் எதிர்ச்சுவரைத் தொடுகிறதா என்று பார். பாதம் தொடாவிட்டால் தண்ணீரில் உடம்பு மிதந்து வழுக்கிக்கொண்டே போகும், ஓய்வே வராது. எழுந்து நின்று குதிகாலால் அடியை அழுத்து. அடி அமுங்கிக் கொடுத்தால் அக்ரிலிக்குக் கீழே ஃபைபர் பூச்சு போதவில்லை என்று அர்த்தம். பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டினால் டப்பா போலக் கலகலக்கக்கூடாது. கடைக்காரரைக் கேட்டுக் கவிழ்த்துப் பார். அடியில் இரும்புச் சட்டமும் பலகையும் சேர்த்து ஃபைபர் பூசியிருக்க வேண்டும். கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்து மேற்பரப்பைப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும் குறைகள் கண்ணுக்குப் படும்.

நிறத்தில் வெள்ளையை விட்டு நகராதே. இப்போது மங்கல் கறுப்பு டப் நாகரிகமாக இருக்கிறது. நம் போர்த் தண்ணீருக்கு அது ஆகாது. கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஒவ்வொரு சொட்டு காயும்போதும் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்து, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. நம் வில்லியனூர் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். அளவு அதிகமாக இருந்தால் கீசருக்கு முன்னால் மென்னீராக்கும் கருவி வைக்கலாம். கறையை எடுக்க ஆசிட் கூடவே கூடாது. தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் அக்ரிலிக்கின் பளபளப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் குளித்த பிறகு துணியால் துடைத்துவிட்டால் கறையே சேராது. மஞ்சள் பூசிக் குளித்தால் கறை விழும், அதற்குப் பயப்பட வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சள் கறை தானே வெளுக்கும்.

ஜெட் வைத்த டப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபோன ஜக்கூசி குடும்பத்தில் கேண்டிடோ என்பவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மகனுக்காகத்தான் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் பம்பை உருவாக்கினார். பக்கச் சுவரிலேயே ஜெட் பதித்த டப்பை ராய் ஜக்கூசி 1968இல் கொண்டுவந்தார். வலிக்கு இதம் தரவே பிறந்த பொருள் அது என்பது உண்மை. அம்மாவின் முட்டிக்கு நல்லதுதானே என்று நீ நினைப்பதும் புரிகிறது. ஆனால் நம் வீடு வருடத்தில் பல மாதம் பூட்டிக் கிடக்கப் போகிறது. ஜெட் குழாய்களுக்குள் தங்கும் தண்ணீரில் கிருமி வளரும். ஒவ்வொரு தடவையும் கழுவி ஓடவிட ஆள் வேண்டும். பம்பு பழுதானால் பார்க்கும் மெக்கானிக்கை நகரத்திலிருந்து அழைக்க வேண்டும். முட்டிக்கு வேண்டியது வெதுவெதுப்பும் மிதப்பும். இரண்டையும் சாதாரண டப்பே தந்துவிடும்.

வெந்நீர்க் கணக்கைப் பார்ப்போம். மேல்தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, கீசர் தண்ணீர் 60 டிகிரி என்று வைத்துக்கொள். ஒரு பங்கு வெந்நீரோடு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் சேர்ந்தால் 38 டிகிரி வரும். உடம்புக்கு இதமான சூடு அது. ஆள் உட்கார்ந்த பிறகு தோள் முழுக 120 முதல் 140 லிட்டர் போதும். உடம்பே மீதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 120 லிட்டருக்கு 40 லிட்டர் வெந்நீர் வேண்டும். எல்லோரும் வாங்கும் 25 லிட்டர் கீசர் 75 லிட்டருக்குத்தான் காணும். டப் பாதியில் நிற்கும், அடுத்த கொதிப்புக்கு அரைமணி காத்திருந்தால் முதலில் விட்டது ஆறிப்போகும். எனவே 50 லிட்டர் கீசர், அல்லது மாடியில் 200 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இரண்டாவதே சரி. கீசருக்கும் குளியலறைப் பிளக்குக்கும் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வை. சுவிட்சு டப்பில் உட்கார்ந்தபடி எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது.

தண்ணீரைப் பற்றி மனசாட்சியோடு ஒரு பேச்சு. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. நீ ஒரு முறை டப் நிரப்பினால் இரண்டு பேருக்கு மேலான ஒரு நாள் தண்ணீர் போகிறது. கடலோரப் பக்கம் நிலத்தடியில் உப்பு ஏறிவரும் நாளில் இதை லேசாக நினைக்க முடியாது. முத்திரையர்பாளையத்தில் தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிய ஆயியின் கதையைச் சொல்லித்தான் அம்மா நம்மை வளர்த்தாள். புதுச்சேரிக்குத் தண்ணீர் தந்த அவளுக்கு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய மண்டபம் இன்றும் பாரதி பூங்காவில் நிற்கிறது. அந்த ஊரில் பிறந்த நாம் டப் வைத்தால் இரண்டு கட்டுப்பாடு வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் டப், மற்ற நாள் வாளி. டப் தண்ணீரின் ஒரு சொட்டும் செப்டிக் டேங்குக்குப் போகக்கூடாது. தனிக் குழாயில் வெளியே எடுத்து, மணலும் ஜல்லியும் போட்ட குழி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் விட வேண்டும். இது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது நாமே பார்த்தோமே. அந்த நேரத்தில் 150 லிட்டர் ஒரே மூச்சில் செப்டிக் டேங்குக்குள் இறங்கினால் அது எதிர்த்து வரும்.

ஈரம் தடுக்கும் வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தையே பார். செங்கல்லை நெருக்கி வைத்து, ஜிப்சம் சாந்து பூசி, அதற்குப் பின்னால் நிலக்கீல் அடுக்கும் கொடுத்திருந்தார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போகலாமா? இறக்கிய பள்ளத்தில் தரையிலும் சுவரில் ஒரு அடி உயரம் வரையிலும் ரசாயனப் பூச்சு இரண்டு கை அடித்து, தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் டப்பை இறக்க வேண்டும். டப்பின் அடியில் சாந்துப் படுக்கை போட்டு உட்கார வைத்தால் அடி அமுங்காது. டப்பை விளிம்பு வரை நிரப்பி வைத்துக்கொண்டுதான் டைல்ஸோடு சேரும் இடத்தில் சிலிக்கான் இழுக்க வேண்டும். காலி டப்பில் இழுத்தால் பிறகு தண்ணீர் எடையில் டப் ஒரு நூல் இறங்கி, அந்த இணைப்பு வாய்திறந்துவிடும். வடிகால் பக்கம் ஒரு அடிக்கு ஒரு அடி கழற்றும் மூடி விடச் சொல். டிராப்பில் முடி அடைத்தால் திண்டை உடைக்காமல் கை விடலாம். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் டப்புக்குள் ஏறி நின்று வேலை செய்வார்கள். அதற்காக மேலே ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளைப் பால் காய்ச்சும் நாள் வரை எடுக்க விடமாட்டேன்.

நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களில் டப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் நிற்கக்கூடாது. தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதே நேரம் டிராப்பில் மட்டும் தண்ணீர் வற்றவிடக்கூடாது. வற்றினால் கரப்பானும் நாற்றமும் மேலே ஏறும். வாரம் ஒரு முறை நான் போய் ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வருவேன். பாகூருக்கும் வில்லியனூருக்கும் என்ன பெரிய தூரம்?

எண்ணெய்க் குளியலுக்கு டப் கிடையாது என்பதை இப்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி வை. நல்லெண்ணெய் பட்ட அக்ரிலிக்கில் கால் நிற்காது, வடிகாலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். திண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரும் அளவுக்குத் தரை விட்டிருக்கிறோம். அங்கே சீயக்காய் போட்டு அலசிவிட்டு, சுத்தமான உடம்போடு டப்பில் இறங்கட்டும். வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் சூடு சரியாக உறைக்காது. அம்மாவுக்கு நிரப்பும்போது நீயோ நானோ முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே இறங்கச் சொல்ல வேண்டும். 38 டிகிரிக்கு மேல் வேண்டாம். கால்மணி நேரம் போதும். தண்ணீரை வடியவிட்டு, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். தூக்கம் வரவில்லை என்று நீ அடிக்கடி சொல்கிறாய். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக 40 முதல் 42.5 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் இருந்தாலே தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சூட்டில் கைகால் ரத்தக்குழாய் விரிந்து, வெளியே வந்த பிறகு உடம்பின் உட்சூடு இறங்குவதால் அப்படி ஆகிறதாம். நல்ல உடம்பு உள்ள உனக்கு அந்தச் சூடு தாங்கும். சித்திரை வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீரே கொதிக்கும். அப்போது போர்த் தண்ணீரை நேராக விட்டு நிரப்பிக்கொள். வெயிலில் அலைந்து வந்த உடம்பு அதற்கு வாழ்த்தும்.

அறையின் அழகுக்கு ஒரே ஒரு யோசனைதான் என்னிடம் உண்டு. டப்பில் சாய்ந்தால் கண் போய் விழும் இடத்தில் ஜன்னல் இருக்க வேண்டும். பின்பக்கம் மதில் உயரம் ஆறடி இருப்பதால் ஜன்னலைத் தாழ வைத்தாலும் யார் கண்ணும் படாது. டப் தண்ணீர் குடித்து வளரும் வாழை இலை அங்கே தெரியும். மேல் பாதிக்கு வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்காரர்களிடம் சொல்லித் துளைபோட்ட சுடுமண் பலகை வைக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது, நம் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்பது. காற்றும் ஓடும், ஈரமும் தங்காது. இத்தனை செய்துவிட்டால் விலை உயர்ந்த விளக்கும் சுவர்ப்படமும் எதற்கு?

இனி நீ செய்ய வேண்டியது மூன்று. கீழ்த்தளம் என்பதற்குச் சம்மதம் சொல். 170 சென்டிமீட்டரா, 150 சென்டிமீட்டரா என்று முடிவு செய். வடிகால் துளை காலடிப் பக்கமா, நடுவிலா என்பதை உன் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல். இருவர் எதிரெதிரே உட்காரவேண்டுமானால் நடுவில் இருப்பதே நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் சனிக்கிழமை மேஸ்திரி குறுக்குச் சுவருக்கு நூல் பிடித்துவிடுவார். டப்பை நீ மார்ச்சில் வந்து உட்கார்ந்து பார்த்தே வாங்கு. அம்மாவையும் கூட்டிப் போ. அவள் உட்கார்ந்து எழுந்து சரி என்று சொல்லும் டப்பே நம் வீட்டு டப்.

அன்புடன்,
அக்கா